ஃபோதரிங்கே கோட்டை: வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியில், நீன் ஆற்றங்கரையில் இருந்த ஃபோதரிங்கே கோட்டையில் இன்று எஞ்சியிருப்பவை புல் மூடிய மண்மேடு ஒன்றும், அகழி இருந்த பள்ளங்களும், ஆற்றோரம் இரும்புக் கிராதிக்குள் கிடக்கும் கற்சுவர்த் துண்டு ஒன்றும்தான். பார்ப்பதற்குக் கட்டடம் இல்லாததால், காதில் விழுந்த கதையே வரலாறாகிவிடுகிறது.

அவற்றுள் பெரிய தவறு பழிவாங்கல் கதை. ஸ்காட்லாந்து அரசி மேரி 1587 பிப்ரவரி 8 அன்று இக்கோட்டையில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். பின்னர் இங்கிலாந்து மன்னரான அவருடைய மகன் முதலாம் ஜேம்ஸ், தாயின் உயிரைக் குடித்த கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார் என்று இன்றும் எழுதுகிறார்கள். ஜேம்ஸ் 1625 மார்ச்சில் இறந்தார். அதே ஆண்டில் எழுதப்பட்ட அளவைக் குறிப்போ, கோட்டை கல்லால் கட்டப்பட்டு வலுவாக இருப்பதாகவும் அதை இரட்டை அகழி சூழ்ந்திருப்பதாகவும் கூறுகிறது. கோட்டை அழிந்தது அதற்குப் பிறகுதான். அதன் கற்கள் அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மகனின் கோபத்தைவிட இது சுவை குறைந்த காரணம், ஆனால் உண்மை.

தேதிகளில் மிகுந்த கவனம் வேண்டும். அக்கால இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்ததால், மேரி கொல்லப்பட்ட பிப்ரவரியை அந்நாட்டு ஆவணங்கள் 1586 என்றே குறித்தன. விசாரணை நடந்ததும் 1586 அக்டோபரில்தான் என்பதால், இதை அறியாதவருக்குத் தண்டனை முந்தியும் விசாரணை பிந்தியும் நடந்ததுபோலத் தோன்றும். இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்ட பிரான்சிலும் ஸ்பெயினிலும் அதே நாள் 1587 பிப்ரவரி 18. எந்த நாட்காட்டி என்பதைச் சொல்லாமல் தேதியை மட்டும் எடுத்தெழுதக் கூடாது.

1558இல் இறந்த இங்கிலாந்து அரசி முதலாம் மேரி வேறு, இங்கே கொல்லப்பட்ட ஸ்காட்லாந்து அரசி மேரி வேறு. கோட்டையின் வரலாற்றை இவரோடு மட்டும் முடித்துவிடுவதும் சரியல்ல. இங்கிலாந்து அரச மரபின் ஒரு கிளையான யார்க் குடும்பத்தின் வசிப்பிடமாக இருந்த இங்கேதான், பின்னாளில் இங்கிலாந்து மன்னரான மூன்றாம் ரிச்சர்டு 1452 அக்டோபர் 2 அன்று பிறந்தார்.

இன்னொன்று, இடத்தைப் பற்றியது. மேட்டின் உச்சியில் நின்று, மேரி இங்கேதான் இறந்தார் என்று எழுதுகிறார்கள். மேட்டின் மேல் இருந்தது காவற்கோபுரம். விசாரணையும் மரண தண்டனையும் நடந்த பெரிய மண்டபம் கீழ் முற்றத்தில் இருந்தது. மேட்டின் அடியில், பலரும் நின்று பார்க்காமல் கடந்துபோகும் புல்தரைதான் அது.