கொசுவுக்குள் மலேரியா ஒட்டுண்ணியின் மரபணுச் செயல்பாட்டை அளப்பது எப்படி: மதுரை ஆய்வு மாணவர்களுக்கு

மதுரைக் கல்லூரிகளில் விலங்கியலோ உயிரித்தொழில்நுட்பமோ படித்துவிட்டு மலேரியா ஆய்வுக்கு வரும் மாணவர்கள், எந்தக் கருவி வேண்டும், எந்த கிட் வாங்க வேண்டும் என்ற கேள்விகளோடுதான் பெரும்பாலும் வருகிறார்கள். அவற்றுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, கொசு இரத்தம் குடித்து எத்தனை மணி நேரத்துக்குப் பின் அளக்கப்போகிறோம் என்பதுதான். கொசுவின் உடலில் ஒட்டுண்ணி அடிக்கடி உருமாறுகிறது. ஒவ்வோர் உருவிலும் வெவ்வேறு மரபணுக்கள் இயங்குகின்றன. நேரம் குறிக்கப்படாத அளவீட்டுக்குப் பொருளே இல்லை.

இரத்தத்தோடு உள்ளே சென்ற கேமீட்டோசைட்டுகள் (பாலணுக்களாக மாறும் ஒட்டுண்ணிச் செல்கள்), வெப்பம் குறைவதையும் கொசுவின் உடலில் உள்ள சாந்துரினிக் அமிலத்தையும் உணர்ந்து சில நிமிடங்களிலேயே விழித்துக்கொள்கின்றன. ஆண் செல் சுமார் 15 நிமிடங்களுக்குள் தன் டி.என்.ஏ.வை மும்முறை இரட்டித்து எட்டு பாலணுக்களை வெளியேற்றுகிறது. கருவுற்ற செல் ஏறத்தாழ ஒரு நாளில் நகரக்கூடிய ஊகினீட்டாக மாறி, நடுக்குடல் சுவரைத் துளைத்து அதன் வெளிப்புறத்தில் ஊசிஸ்டாக, அதாவது உறையிட்ட உருண்டையாகத் தங்குகிறது. சூழல் வெப்பத்தையும் ஒட்டுண்ணி இனத்தையும் பொறுத்து, 10 முதல் 14 நாட்களில், அதிலிருந்து வெளிவரும், மனிதருக்குத் தொற்றும் உருவான ஸ்போரோசோயிட்டுகள் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றன. ஆகவே முதல் ஒரு மணி நேரம், 24 மணி நேரம், 8ஆம் நாள், 14ஆம் நாள் என்று கேள்விக்கு ஏற்றபடி புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊகினீட்டின் மரபணுவைத் தேடுபவருக்கு 8ஆம் நாளின் மாதிரி பயன்படாது.

அடுத்தது, பலர் கவனிக்காமல் விடும் செய்தி. என் கருத்தில் இத்துறையிலேயே மிக அழகான செய்தியும் இதுதான். மரபணுவின் செய்தியைப் புரதத் தயாரிப்புக்கு எடுத்துச் செல்லும் தூது ஆர்.என்.ஏ. இருக்கிறது என்பதால் புரதம் உருவாகிறது என்று ஆகிவிடாது. பெண் கேமீட்டோசைட், மனித இரத்தத்தில் இருக்கும்போதே பி25, பி28 ஆகிய மரபணுக்களின் தூது ஆர்.என்.ஏ.வை எழுதி, அது மொழிபெயர்க்கப்படாதபடி பூட்டி வைத்துக்கொள்கிறது. கொசுவின் குடலுக்குள் சென்ற பிறகே பூட்டு திறக்கிறது. அந்தப் பூட்டில் டோசி என்னும் புரதத்துக்குப் பங்கு உண்டு என்பதை எலி மலேரியா ஒட்டுண்ணியில் 2006இல் காட்டினார்கள். ஊகினீட்டின் மரபணுக்களை இயக்கும் ஏ.பி.2-ஓ என்ற காரணிகூட இவ்வாறே சேமித்து வைக்கப்படுகிறது. எனவே ஆர்.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். முடிவை மட்டும் வைத்துக்கொண்டு ‘மரபணு செயல்பட்டது’ என்று எழுதாதீர்கள். அதே மணி நேரத்து மாதிரியில் எதிர்ப்பொருள் கொண்டு புரதத்தையும் சோதித்த பிறகே எழுதுங்கள்.

கொசுவுக்கு வருவோம். நகரத்தில் மேல்நிலைத் தொட்டி, தரைத்தொட்டி, கிணறு போன்ற தெளிந்த நீர்நிலைகளில் வளரும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி இப்பணிக்கு ஏற்றது. புழுக்களாகச் சேகரித்து ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தால், வெளியில் இரத்தம் குடித்த கொசு கலந்துவிட்டதோ என்ற ஐயம் எழாது. தமிழ்நாட்டில் காணப்படும் மலேரியா பெரும்பாலும் விவாக்ஸ் வகையைச் சேர்ந்தது. அதைத் தொடர்ச்சியாக வளர்ப்பூடகத்தில் வளர்க்க இயலாது என்பதால், நோயாளியின் இரத்தத்தையே நம்பியிருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் பெறாமல் ஒரு துளியும் எடுக்கக் கூடாது. மருந்து தொடங்குவதற்கு முன் எடுப்பதே ஆய்வுக்கு நல்லது என்றாலும், அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது எந்த நிலையிலும் தகாது. இரத்தத்தை உறையாமல் காக்கும் ஹெப்பாரின் குழாயில் எடுங்கள்; அதே வேலையைச் செய்யும் ஈ.டி.டி.ஏ. வேண்டாம், அது கால்சியத்தைப் பிணைத்து, ஆண் செல் பாலணுக்களை வெளியேற்றுவதைத் தடுத்துவிடும். எடுத்த நொடி முதல் கொசு குடிக்கும் வரை 37 டிகிரியிலேயே வைத்திருக்க வேண்டும். இடையில் குளிர்ந்தால் கேமீட்டோசைட்டுகள் குழாயிலேயே விழித்துக்கொண்டு வீணாகிவிடும்.

மதுரையில் கொசு அறையைப் பராமரிப்பதே தனி வேலை. கத்திரி வெயில் நாட்களில் மின்சாரம் போனால், 27 டிகிரியில் இருந்த அறை சிறிது நேரத்திலேயே ஒட்டுண்ணி தாங்க முடியாத வெப்பத்துக்கு ஏறிவிடும். கொசு பிழைத்துக்கொண்டாலும் உள்ளே ஒட்டுண்ணியின் வளர்ச்சி குலைந்திருக்கும். வெப்பநிலையைத் தானாகப் பதிவு செய்யும் கருவி ஒன்றைக் கூண்டுக்குள்ளேயே வையுங்கள். குளிர்சாதனத்துக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்பதை முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம் இருக்கட்டும். தொற்றுள்ள கொசுக்களை இரட்டை வலைக் கூண்டில் எண்ணி வைத்து, எண்ணியபடியே கணக்கை முடிக்க வேண்டும். பயன்படுத்திய பின் உறைய வைத்துக் கொன்ற பிறகே அகற்ற வேண்டும்.

இரத்தம் ஊட்டும் நாளில் இரண்டு கூண்டுகள் தேவை. ஒன்றுக்குத் தொற்றுள்ள இரத்தம், மற்றொன்றுக்கு ஒட்டுண்ணி இல்லாத இரத்தம். இரத்தம் குடிப்பதே கொசுவின் மரபணுக்களைப் பெருமளவு மாற்றிவிடுவதால், பட்டினி கிடந்த கொசுவை ஒப்பீட்டுக்கு வைப்பதில் பயனில்லை. குடிக்காத கொசுக்களை அன்றே நீக்கிவிடுங்கள்.

அறுவைக்குக் கொசுவைக் குளிரில் மயக்கி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி குளிர்ந்த உப்புக் கரைசலில் கிடத்துங்கள். ஓர் ஊசியால் மார்பை அழுத்திக்கொண்டு, மற்றோர் ஊசியால் வயிற்றின் கடைசிக் கண்டங்களை மெல்ல இழுத்தால், நடுக்குடல் முழுதாக வெளியே வரும். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். எடுத்ததை உடனே, ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க உதவும் டிரைசால் கரைசலில் போட வேண்டும். அதே கூண்டிலிருந்து சில கொசுக்களை 8ஆம் நாளில் தனியே அறுத்து, மெர்குரோகுரோம் சாயமிட்டு ஊசிஸ்டுகளை எண்ணுங்கள். ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கருநிறமித் துகள்களை வைத்து அடையாளம் கண்டதும் இதே ஊசிஸ்டுகளைத்தான். தொற்று எத்தனை கொசுக்களில், எவ்வளவு என்று தெரியாவிட்டால் ஆர்.என்.ஏ. அளவு கூடியதா, ஒட்டுண்ணி கூடியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வில் மிகப் பெரும்பகுதி கொசுவுடையது. ஒட்டுண்ணியின் குரல் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் பேசுவதுபோல்தான் கேட்கும். ஆகவே ஒட்டுண்ணிக்கே உரிய பிரைமர்களை (பி.சி.ஆர். பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை) வடிவமைத்து, தொற்றில்லாத கூண்டின் மாதிரியில் அவை எதையும் பெருக்கவில்லை என்று முதலில் காட்டுங்கள். மற்றொரு மலேரியா ஒட்டுண்ணி இனமான ஃபால்சிபாரத்தின் மரபணுத்தொகையில் 80 சதவீதத்துக்கு மேல் அடினினும் தைமினும் இருப்பதால், நீட்டிப்பு வெப்பநிலையை வழக்கமான 72க்குப் பதிலாக 60 டிகிரி அளவில் வைத்துப் பாருங்கள். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியான டி.என்.ஏஸ் கொண்டு சுத்தம் செய்வதைத் தவிர்க்கவே கூடாது. ஊசிஸ்ட் வளரும்போது தன் மரபணுத்தொகையை ஆயிரக்கணக்கில் பெருக்குகிறது, எஞ்சிய டி.என்.ஏ. அத்தனையும் மரபணுச் செயல்பாடு உயர்ந்ததுபோல் தோன்றும். பின்னோக்கிப் படியெடுக்கும் நொதி சேர்க்காத ஒரு குழாயை ஒவ்வொரு மாதிரிக்கும் ஓட்டினால் இது வெளிப்பட்டுவிடும்.

ஒப்பீட்டு மரபணுவை, அதாவது மற்றவற்றை அளக்க அளவுகோலாகும் மரபணுவைத் தேர்வதில் ஒரு பொறி இருக்கிறது. மற்ற உயிரினங்களில் வழக்கமாக எடுக்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை இங்கே கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. இந்த ஒட்டுண்ணி மனித இரத்தத்தில் ஒரு வகை ரைபோசோம் ஆர்.என்.ஏ.வையும் கொசுவுக்குள் வேறொரு வகையையும் பயன்படுத்துகிறது; விவாக்ஸில் மூன்று வகைகள் உண்டு. இரத்த நிலைக்கான பிரைமரைக் கொசு மாதிரியில் போட்டால் அளவுகோலே நகர்ந்துவிடும். சீரைல் டி.ஆர்.என்.ஏ. சின்தடேஸ் போன்ற புரத மரபணுக்கள் இரண்டு மூன்றை எடுத்து, உங்கள் நேரப்புள்ளிகள் அனைத்திலும் அவை நிலையாக இருக்கின்றனவா என்று சோதித்த பிறகு பயன்படுத்துங்கள்.

கொசு அறையோ நோயாளி இரத்தமோ கிடைக்காத மாணவர் காத்திருக்க வேண்டியதில்லை. பிளாஸ்மோடிபி, மலேரியா செல் அட்லஸ் ஆகிய மரபணுத் தரவுத்தளங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஒரே மரபணுவின் அளவு கேமீட்டோசைட் முதல் ஸ்போரோசோயிட் வரை எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதை அவற்றில் பார்க்கலாம். பி25ஐயும், ஸ்போரோசோயிட்டின் மேற்பரப்புப் புரதத்துக்கு உரியதும் தடுப்பூசிகளுக்கு அடிப்படையானதுமான சி.எஸ்.பி. மரபணுவையும் எடுத்து, ஒரே தாளில் நிலைவாரியாக வரைந்து, எந்த மணி நேரத்தில் உங்கள் முதல் மாதிரியை எடுப்பது என்பதை அந்தக் கோடுகளின் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள்.