ஹாக்கி டீமுக்கு கோச் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

2023 ஆகஸ்ட் 12. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம். பெரம்பூரிலிருந்து நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து போயிருந்தோம். பாதி ஆட்டம் முடியும்போது மலேசியா 3, இந்தியா 1. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, "இந்த கோச்ச வச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது, மாத்துங்கப்பா" என்று கத்தினார். சுற்றியிருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள்.

மூன்றாவது குவார்ட்டரின் (ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது) கடைசி நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங் ஒன்று, குர்ஜந்த் சிங் ஒன்று என்று அடுத்தடுத்து இரண்டு கோல். 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் நான்காவதை அடித்தார். 4-3. கோச் கிரெய்க் ஃபுல்டன் இந்திய அணிக்கு வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வந்ததும் அவர் காலத்தில்தான்.

ஏழு வருஷ இடைவெளிக்குப் பிறகு ஹாக்கி இந்தியா லீக் திரும்ப வந்து, தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் ஒரு அணி வந்தபிறகு, ஐ.சி.எஃப். பக்கத்து டீக்கடைகளில்கூட கோச் பேச்சு கூடிவிட்டது. சந்தோஷமான விஷயம். ஆனால் நாம் பேசும் விதத்தில் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பேசுகிற நாம் மட்டுமல்ல, உண்மையிலேயே கோச்சைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர்களும் அதே தவறுகளைச் செய்கிறார்கள். பெரிய அணி, டிபார்ட்மென்ட் டீம், ஏரியா கிளப் எல்லாவற்றிலும் இது உண்டு.

யார் என்பதற்கு முன்னால், எதற்கு

முதல் தவறு, கையில் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்காருவது. இந்த டீமுக்கு என்ன குறை என்று ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் பெயரே பேச வேண்டும். கடைசி பத்து நிமிடத்தில் கோல் வாங்குகிறோமா? பெனால்ட்டி கார்னர் (கோல் வட்டத்துக்குள் எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் கோல் வாய்ப்பு) கிடைக்கிறது, கோலாக மாட்டேன் என்கிறதா? இல்லை, பெனால்ட்டி கார்னரே கிடைப்பதில்லையா? இந்த மூன்றுக்கும் மூன்று வேறு வேறு ஆள் தேவைப்படலாம்.

இதற்கு நம் நாட்டு ஹாக்கியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஷோர்ட் மரைன் இந்தியப் பெண்கள் அணியின் கோச்சாக இருந்தார். 2017 செப்டம்பரில் அவரை ஆண்கள் அணிக்கு மாற்றினார்கள். 2016இல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பையை வென்று கொடுத்த ஹரேந்திர சிங் பெண்கள் அணிக்குப் போனார். 2018 காமன்வெல்த் போட்டியில் இரண்டு அணிகளுக்கும் நான்காவது இடம். உடனே மே மாதம் இரண்டு பேரையும் இடம் மாற்றிவிட்டார்கள். ஆண்கள் அணியோடு ஒரு வருஷம்கூட முழுதாக நிலைக்காத அதே மரைன்தான், டோக்கியோவில் பெண்கள் அணியை முதல்முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அந்த அணி நான்காவதாக வந்ததை இன்றைக்கும் ஆசையோடு பேசுகிறோம். ஒரே மனிதர்தான். ஓர் இடத்தில் பொருந்தவில்லை, இன்னோர் இடத்தில் பொருந்தினார். "நல்ல கோச்சா, மோசமான கோச்சா" என்ற கேள்வியை இங்கே வைத்தால் பதிலே வராது.

பழைய ஆட்டக்காரர் என்ற ஒரே தகுதி

நம்மை அதிகம் இழுப்பது இதுதான். அவர் இந்தியாவுக்கு ஆடியவர், அவர் அடித்த கோல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, அவரைக் கொண்டுவாருங்கள் என்போம். ஆனால் மணிக்கட்டிலேயே வித்தை இருந்தவருக்கு, அது இல்லாத பையனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "இப்படித் திருப்புடா, அவ்வளவுதான்" என்பார். அவ்வளவுதான் என்பதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்வதுதான் கோச்சின் வேலை.

இந்த விஷயத்தில் நம் ராயபுரம், காசிமேடு பக்கத்துக் குத்துச்சண்டைக்காரர்கள் தெளிவாக இருந்தார்கள். பயிற்சி கொடுப்பவரை அங்கே வாத்தியார் என்பார்கள். வாத்தியார் எத்தனை பேரை அடித்து விழுத்தினார் என்பதைவிட, அவர் கையில் தயாரான பையன்கள் யார் யார் என்பதே அவருக்குப் பெயர். ஹாக்கியிலும் அதைத்தான் கேட்க வேண்டும்.

ஃபுல்டனும் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடியவர்தான். ஆனால் அவரைக் கவனிக்க வைத்தது அவர் ஆடிய ஆட்டம் அல்ல. அயர்லாந்து போன்ற சின்ன ஹாக்கி நாட்டை 2016 ரியோ ஒலிம்பிக்குக்குக் கொண்டுபோனார். ஒலிம்பிக் ஹாக்கியில் அந்த ஆண்கள் அணி ஆடுவது 108 வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான். அதன்பின் பெல்ஜியத்தில் இரண்டாம் நிலை கோச்சாக வேலை பார்த்தார். அந்த அணி டோக்கியோவில் தங்கம் வாங்கியது. உதவி கோச்சாக இருந்தவர் என்றால் நாம் ஒரு படி கீழே வைத்துவிடுகிறோம். வீடியோ பார்ப்பது, பையன்களோடு தினம் நிற்பது, தடுப்பாட்டத்தைக் கட்டுவது என்று முக்கால்வாசி வேலை அவர் தலையில்தான் இருந்திருக்கும்.

பழைய ஆட்டக்காரர் வரவே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஸ்ரீஜேஷ் பாரிஸோடு கோல் கீப்பர் பேடைக் கழற்றி வைத்துவிட்டு ஜூனியர் அணியைக் கையில் எடுத்தார். அதே வருஷம் டிசம்பரில் மஸ்கட்டில் ஜூனியர் ஆசியக் கோப்பை வந்தது. 2025 டிசம்பரில் நம் சென்னையிலேயே ஜூனியர் உலகக் கோப்பையில் வெண்கலம். ஜூனியரில் ஆரம்பித்தார் என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுக்கப் பழக அது நல்ல இடம்.

எத்தனை நாள் கையில் இருக்கிறது

நாட்டு அணி கோச்சுக்கு ஒலிம்பிக்கிலிருந்து ஒலிம்பிக் வரை நாலு வருஷம் கணக்கு. லீக் அணியில் மொத்த சீசனும் ஏறக்குறைய ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். 2024 டிசம்பர் 28இல் ஆரம்பித்த லீக் 2025 பிப்ரவரி 1இல் முடிந்தது. அந்த சீசனில் 24 பேர் கொண்ட அணி. குறைந்தது 16 பேர் இந்தியர்கள், அதில் நாலு ஜூனியர்கள், வெளிநாட்டுக்காரர்கள் எட்டு. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடவே முதல் வாரம் போய்விடும். இங்கே வந்து மூன்று வருஷத் திட்டத்தை விரித்து வைக்கிற கோச் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் உதவ மாட்டார். நாலு எளிய விஷயத்தை நாலு நாளில் பதிய வைக்கத் தெரிந்தவர் வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, ஏலத்தில் ஆட்களை எடுத்துவிட்டு அப்புறம் கோச்சைக் கூப்பிடுவது. யாரோ வாங்கி வைத்த காய்கறிக்குச் சமையல்காரர் தேடுவது மாதிரி. ஏலத்துக்கு முன்பே கோச் முடிவாகி, அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டு நிமிடத்தில் யாருக்குப் புரிந்தது

ஒரு பயிற்சி ஆட்டத்தில் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது இது. முதல் குவார்ட்டர் முடிந்தது. இடைவேளை இரண்டு நிமிடம். வெளிநாட்டு கோச் போர்டை எடுத்தார், காந்தக் காய்களை நகர்த்தினார், இரண்டு அம்புக்குறி போட்டார், வேகமாக ஆங்கிலத்தில் பேசினார். நல்ல விஷயம்தான் சொன்னார், எனக்கே பாதி புரிந்தது. தெக்கத்திப் பையன் ஒருவன், வலது பக்க ஹாஃப் (நடுவரிசை ஆட்டக்காரன்), ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினான். தண்ணீர் குடித்தான். மைதானத்துக்குள் திரும்பும்போது பக்கத்திலிருந்தவரிடம், "அண்ணே, நான் உள்ள வரணுமா, லைன்லயே நிக்கணுமா?" என்றான். அவர் பதில் சொல்வதற்குள் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. பையன் லைனிலேயே நின்றான். அவனுக்கு உள்பக்கமாக இருந்த இடைவெளியில்தான் பந்து போனது.

வெளிநாட்டு கோச் வேண்டாம் என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. ஹிந்தியில் சொல்லியிருந்தாலும் அந்தப் பையனுக்கு அதே கதிதான். கோச்சோடு வரும் உதவியாளர்களில் ஒருவராவது இந்தப் பையன்களின் மொழியில், இவர்களின் வேகத்தில் பேசுகிறவராக இருக்க வேண்டும். நேர்காணலிலேயே கோச்சிடம் கேட்டுவிடலாம்: உங்கள் பேச்சு புரியாத பையனுக்கு இரண்டு நிமிடத்தில் எப்படிச் சொல்வீர்கள்? மூன்று சொல்லை முன்கூட்டியே பழக்கி வைத்திருப்பேன் என்று சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை வரும்.

போனவருக்கு நேர் எதிரான ஆள்

கண்டிப்பான கோச் தோற்றால் அடுத்து தோளில் கைபோடுகிறவரைத் தேடுவோம். அவர் தோற்றால் மறுபடியும் பிரம்பு எடுக்கிறவரை. போனவர் மேல் இருக்கிற கோபத்தில் வருகிறவரைத் தேர்ந்தெடுப்பது இது. போனவரிடமே போய், "உங்களுக்கு என்ன கிடைக்கவில்லை?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் இருக்கும். 41 வருஷத்துக்குப் பிறகு டோக்கியோவில் நமக்கு ஒலிம்பிக் பதக்கம் வந்தபோது கோச் கிரஹாம் ரீட். 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் (ஆட்டம் சமமாக முடிந்தால் கோல் கீப்பரை எதிர்த்து ஒவ்வொருவராக அடிப்பது) தோற்று வெளியேறிய பிறகு அவர் விலகினார். தோற்ற கையோடு அவர் சொன்ன விஷயம், இந்த அணிக்கு மனதைப் பழக்க ஒரு ஆள் வேண்டும் என்பது. அதே வருஷம் பேடி அப்டன் அந்த வேலைக்கு வந்தார். அடுத்த வருஷம் பாரிஸ் கால் இறுதியில் நம் தடுப்பாட்டக்காரர் ரோகிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போக, 40 நிமிடத்துக்கு மேல் பத்துப் பேராக நின்று, பிரிட்டனை அதே ஷூட் அவுட்டில் ஜெயித்தோம்.

யார் கையில் டீம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆடும் பதினோரு பேரை யார் முடிவு செய்வது, உதவியாளர்களை யார் எடுப்பது, முதலாளி எப்போது டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வரலாம் என்பதையெல்லாம் எழுதி வைக்காமல் கையெழுத்து வாங்கக் கூடாது. இந்திய ஆண்கள் அணி கோச்சாக இருந்த டெர்ரி வால்ஷ் 2014இல் 16 வருஷத்துக்குப் பிறகு ஆசியப் போட்டித் தங்கம் வாங்கிக் கொடுத்தார். சில வாரங்களிலேயே, நிர்வாகம் முடிவெடுக்கும் முறை ஒத்துவரவில்லை என்று விலகும் நிலை வந்தது. ஜெயித்த டீமுக்கே இந்தக் கதி.

கிரவுண்டில் பார்க்காமல் முடிவெடுப்பது

எனக்கு மனசு கேட்காத தவறு இது. ஏசி அறையில் லேப்டாப்பைத் திறந்து படம் காட்டச் சொல்லி, அதை வைத்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். பேசத் தெரிந்தவர் ஜெயிக்கிறார். ஒரு மணி நேரம் பையன்களைக் கொடுத்து, பயிற்சி எடுக்கச் சொல்லி, ஓரமாக நின்று பார்த்தால் போதும். அவரிடம் முன்பு ஆடிய பையன்களில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் ஒரு போன் போட்டு விசாரிக்கலாம். ஸ்டார் ஆட்டக்காரர் எல்லா கோச்சையும் நல்லவர் என்றுதான் சொல்வார்.

எங்கள் பக்கத்து டீம் ஒன்றில் ஒருமுறை இப்படிச் செய்து பார்த்தார்கள். வந்த மூன்று பேரும் பெனால்ட்டி கார்னர் பயிற்சி எடுத்தார்கள். இரண்டு பேர் டிராக் ஃபிளிக் (பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வீசுவது) அடிக்கிற பையனிடமே நின்று, இடுப்பைத் திருப்பு, முட்டியை மடக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர் அதிகம் பேசவில்லை. வட்டத்துக்கு வெளியே பந்தை நிறுத்துகிற பையனுக்குப் பின்னால் போய்க் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பந்து அவன் ஸ்டிக்கில் பட்டு ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. ஃபிளிக் அடிக்கிறவன் அதற்காகக் கடைசி அடியை மாற்றி வைக்க வேண்டியிருந்தது. அவர் அந்தப் பையனின் இடது காலைத் தன் கையால் பிடித்து அரை அடி முன்னால் நகர்த்தி வைத்தார், ஸ்டிக்கை இன்னும் படுக்க வைக்கச் சொன்னார். அடுத்த பந்து செத்த மாதிரி நின்றது. அதற்கடுத்ததும்.

வேலை, நன்றாகப் பேசியவருக்குப் போனது. அடுத்த சீசன் லீக் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். அந்தப் பையன் பழைய இடத்திலேயே கால் வைத்து நின்றான். பந்து ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.