வாடகை அறைகளுக்குத் தர விதி: சபையில் நிறைவேற்றி நடைமுறைப்படுத்தும் வழி

வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. இவற்றுக்கு வரும் மாணவர்களும், இடமாற்றத்தில் வரும் ஆசிரியர்களும் தாதியரும், சொந்தக் காணி இல்லாத குடும்பங்களும் வாடகைக்கே இருக்கிறார்கள். வீட்டின் பின்புறம் தகரம் இறக்கி, ஒட்டுப்பலகையால் தடுத்த அறைகளுக்கும் முற்பணம் கேட்கப்படுகிறது. இந்நிலையை மாற்ற விரும்பும் உள்ளூராட்சி சபை உறுப்பினர்களுக்காகவும் சனசமூக நிலையத்தினருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏற்கெனவே இருக்கும் சட்டங்களைப் படியுங்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பெரிதும் வாடகைத் தொகையையும் குடியகற்றலையும் பற்றியது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம், அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என்று சபை தரும் இயைபுச் சான்றிதழ் இல்லாமல் புதுக் கட்டடத்தில் குடியிருக்கக் கூடாது என்கிறது. ஆனால் வீடு கட்டி முடிந்தபின் அனுமதியின்றி ஒட்டிக் கட்டிய அறைகள் பெரும்பாலும் எவர் பார்வைக்கும் வருவதில்லை. உங்கள் சபை எத்தனை சான்றிதழ்கள் வழங்கியது, எத்தனை முறைப்பாடுகள் வந்தன என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். கோரிக்கை பற்றிய முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

அடுத்து, தரங்களை எழுதுங்கள். "வசிக்கத் தகுந்த" என்று எழுதினால் அது ஆளுக்கொரு பொருள் தரும். அளவுநாடாவாலும் கண்ணாலும் சரிபார்க்கக் கூடியவற்றை மட்டுமே எழுத வேண்டும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி என்று நம்மிடையே வழங்கும் அளவைச் சிறிய காணிகளில் எட்ட முடியாது. அத்தகைய இடத்தில் கசியாத தொட்டியையும், குடிப்பதற்கு வேறு நீரையும் கட்டாயமாக்குங்கள். மின்சாரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிரதான வீட்டிலிருந்து நீட்டு வயரில் மின்சாரம் இழுத்த அறைகள் உண்டு. மின்பலகையில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்று பரிசோதகர் அங்கேயே அழுத்திப் பார்க்க வேண்டும். வன்னி வெக்கையில் தகரத்தின் கீழ் உட்கூரையும் எதிரெதிர் யன்னல்களும் ஆடம்பரமல்ல. கழிப்பறைக்கு இத்தனை பேர் என்ற உச்ச அளவையும், உட்புறம் பூட்டக்கூடிய கதவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைப்படுத்தலில்தான் இத்தகைய விதிகள் தோற்கின்றன. முறைப்பாடு வந்தால் மட்டும் பார்ப்போம் என்று சபை இருந்தால், எழுத்து ஒப்பந்தமே இல்லாத வாடகையாளர் வாய்திறக்க மாட்டார். திறந்தால் அறை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். எனவே வீடு, காணிகளுக்குச் சபை அறவிடும் சோலைவரியின் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டு வாடகை அறைகளைப் பதிவு செய்து, தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வட்டாரம் வட்டாரமாக, எவரும் முறையிடாமலே, சென்று பார்க்கும் ஒழுங்கை விதியிலேயே எழுதுங்கள். பதிவுக் கட்டணம் சிறியதாக இருக்கட்டும். பெரிதானால் அது வாடகையில் ஏறும். மின்கசிவுக்கும் மலக்கழிவு கசிவதற்கும் சில நாட்களே அவகாசம் கொடுங்கள். கூரைக்கும் யன்னலுக்கும் மாதங்கள் கொடுக்கலாம். அறையை மூடும் கட்டளை கடைசி வழியாகவே இருக்க வேண்டும், ஏனெனில் அதனால் தெருவுக்கு வருபவர் வாடகையாளரே.

இவ்வாறு எழுதிய வரைவு சபை அமர்வில் நிறைவேறி, மாகாண மட்டத்தின் அனுமதி பெற்று, வர்த்தமானியில் வெளியான பின்னரே உபவிதியாகும், அதாவது சபையின் எல்லைக்குள் செல்லுபடியாகும் சட்டமாகும்.

பரிசோதகர் வந்துபோன பின் பழிவாங்கும் வெளியேற்றம் நடக்கக் கூடும். பூட்டு மாற்றி, பொருட்களை வெளியே போட்டு, அமைதி குலையும் நிலை வந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தை நாடலாம். வெளியேற்றப்பட்டு இரண்டு மாதங்களுக்குள் வழக்கு வர வேண்டும். இதைப் பதிவுச் சான்றிதழின் பின்பக்கத்திலேயே அச்சிட்டு ஒவ்வொரு வாடகையாளருக்கும் கொடுங்கள். மாதாந்தப் பற்றுச்சீட்டு கொடுப்பதையும் உரிமையாளரின் கடமையாக்குங்கள். அங்கு குடியிருந்ததற்கு அச்சீட்டு நல்ல சான்றாகும்.