பஸ் டிப்போவோட எஃபிஷியன்சிய டி.இ.ஏ. வச்சு அளக்கறது எப்படி?

டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ், சுருக்கமா டி.இ.ஏ., ஒரே மாதிரி வேலை செய்யற இடங்கள, என்ன போட்டு (இன்புட்) என்ன எடுக்கறாங்கன்னு (அவுட்புட்) ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு ஸ்கோர் போடற முறை. 1978ல சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ்னு மூணு பேர் கொண்டு வந்தது. நம்ம சென்னை எம்.டி.சி. டிப்போக்கள வச்சே பாக்கலாம். எக்செல் தெரியும்னு வச்சுக்கறேன்.

முதல்ல இன்புட்: பஸ், ஸ்டாஃப், டீசல். அதுல குழப்பமில்ல. அவுட்புட்லதான் நின்னு யோசிக்கணும். எல்லாரும் சட்டுனு டிக்கெட் கலெக்‌ஷன போட்டுடறாங்க. ஆனா 2021லேர்ந்து சாதா பஸ்ல பெண்களுக்கு ஃப்ரீ, அப்ப சாதா பஸ் நிறைய ஓட்டற டிப்போ எவ்ளோ கூட்டத்த ஏத்தி இறக்கினாலும் கலெக்‌ஷன் கம்மியாதான் வரும், ஸ்கோரும் விழும். கணக்கு போடற எக்செல் சால்வர் எரர் காட்டாது, நம்பர் பாக்க அழகா இருக்கும், நாம அத நம்பி நல்லா உழைக்கற டிப்போவ மோசம்னு எழுதிடுவோம். அங்க இருக்கற டிரைவர், கண்டக்டருக்கு அது பெரிய அநியாயம். அதனால ஏறின பயணிகள் எண்ணிக்கை, ஓடின கிலோமீட்டர், இந்த ரெண்டையும் போடுங்க.

அடுத்து சால்வர். தீட்டாவுக்கு (நாம அளக்கற டிப்போவோட ஸ்கோர்) ஒரு செல், ஒவ்வொரு டிப்போவுக்கும் ஒரு லாம்ப்டா செல் (ஒப்பிடறதுக்கு அந்த டிப்போவ எவ்ளோ சேக்கறோம்ங்கற எடை). தீட்டாவ மினிமைஸ் பண்ணணும். ஒவ்வொரு இன்புட்டுக்கும், எல்லா டிப்போ அளவையும் லாம்ப்டாவால பெருக்கி கூட்டினது, நாம அளக்கற டிப்போ அளவு பெருக்கல் தீட்டாவ தாண்டக்கூடாது. அவுட்புட்ல அதே கூட்டல் அந்த டிப்போவோட அவுட்புட்டுக்கு குறையக்கூடாது. சிம்ப்ளெக்ஸ் எல்.பி. செலக்ட் பண்ணி, லாம்ப்டா மைனஸ்ல போகாம டிக் போடுங்க.

தீட்டா 0.8 வந்தா, இப்ப இருக்கற இன்புட்ல 80 சதவீதம் இருந்தாலே இதே வேலை நடக்கும்னு அர்த்தம். லாம்ப்டா ஜீரோ இல்லாத டிப்போக்கள்தான் இதுக்கு முன்மாதிரி, எனக்கு ஸ்கோர விட இதுதான் முக்கியம், ஏன்னா யார பாத்து கத்துக்கணும்னு இதுலதான் தெரியும். சின்ன டிப்போவும் பெரிய டிப்போவும் கலந்திருந்தா லாம்ப்டா கூட்டுத்தொகை 1னு ஒரு கண்டிஷன் சேருங்க, அது 1984ல வந்த பி.சி.சி. மாடல்.

ஒரு டிப்போவ மட்டும் சால்வர்ல போட்டு புரிஞ்சுக்கிட்டு, மிச்சத்த ஆர்-ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல பெஞ்ச்மார்க்கிங் பேக்கேஜ்ல ஓட்டிடுங்க. ஒவ்வொண்ணா சால்வர அமுக்கறது வீண் வேலை.

அப்டேட்: எல்லா டிப்போவுக்கும் தீட்டா 1 வருதுன்னு கமென்ட்ல நிறைய பேர் கேட்டிருக்கீங்க. டிப்போ எண்ணிக்கை பத்தல. இன்புட் எத்தனை, அவுட்புட் எத்தனைன்னு கூட்டி, அத மாதிரி 3 மடங்கு டிப்போவாவது வேணும், இங்க 15. அவ்ளோ இல்லன்னா டீசல தூக்குங்க, அது எப்படியும் பஸ் எண்ணிக்கையோட சேந்துதான் ஏறி இறங்கும், 12 டிப்போ இருந்தா போதும்.