பொன்னியின் செல்வனுக்கு ஃபேன் ஃபிக் எழுதுறது எப்படி? முதல் தடவை எழுதுறவங்களுக்கு

நாவலை முடிச்ச அப்புறமும் ஏதோ ஒரு கேரக்டர் மனசுக்குள்ளயே சுத்திட்டு இருக்கும் பாருங்க, அவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு, அந்த நேரத்துல என்ன நினைச்சிருப்பாங்கன்னு. அதை எழுதிப் பாக்குறதுதான் ஃபேன் ஃபிக்‌ஷன். நான் பண்ற முறையை சொல்றேன், உதாரணத்துக்கு பொன்னியின் செல்வனையே எடுத்துக்கலாம். கல்கியோட எழுத்து நாட்டுடைமை ஆயிடுச்சு, மதுரைத் திட்டம் தளத்துல அஞ்சு பாகமும் இலவசமாவே கிடைக்குது, அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்ல.

முதல்ல படிங்க

எழுதுறதுக்கு முன்னாடி மத்தவங்க ஃபிக் கொஞ்ச நாள் படிங்க. நான் அதிகம் படிக்கிறது ஏஓ3ல, அதாவது ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்ங்கற ஃபேன் ஃபிக் தளத்துல. 2009ல ஆரம்பிச்சது, விளம்பரம் கிடையாது, 2019ல அறிவியல் புனைகதை, ஃபேன்டஸி உலகத்துல பெருசா மதிக்கிற ஹ்யூகோ விருது கூட வாங்கிச்சு. படிக்க அக்கவுண்ட் தேவையில்ல. உள்ள போனதும் ஃபில்டரை திறந்து மொழி, ரேட்டிங் (எந்த வயசுக்காரங்களுக்கான கதைன்னு), முடிஞ்ச கதை மட்டும் போதுமாங்கறதெல்லாம் செட் பண்ணிக்கோங்க, பாதியில நிக்கிற கதைல மனசை விட்டுட்டு தவிக்கிறது ரொம்ப கஷ்டம். ரெண்டு பேர் நடுவுல சாய்கோடு (/) போட்டிருந்தா அது காதல் கதை, ஆம்பர்சண்ட் குறி (&) இருந்தா நட்பு இல்ல குடும்பக் கதை. வன்முறை, சாவு மாதிரி விஷயங்களுக்கான எச்சரிக்கை எதையும் குறிப்பிட விரும்பலைன்னு எழுதுனவங்க போட்டிருந்தா உள்ள எதுவும் இல்லைன்னு அர்த்தம் இல்ல, எது வேணா இருக்கலாம்னு அர்த்தம், அதை தெரிஞ்சுக்கிட்டு உள்ள போங்க. பிடிச்சதை ஈபப்ங்கற மின்னூல் ஃபைலா டவுன்லோட் பண்ணி வெச்சுக்கிட்டா பஸ்ல நெட் இல்லாமலே படிக்கலாம்.

அடுத்தது, ஓட்டையைத் தேடுங்க

எனக்கு எல்லாத்தையும் விட முக்கியமானது இந்த ஸ்டெப்தான். பெரிய ப்ளாட் யோசிக்காதீங்க. மூலக்கதைல சொல்லாம விட்ட ஒரு இடம், உங்களைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கிற ஒரு கேள்வி, அது ஒண்ணு போதும். ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு எல்லாரும் எழுதிட்டாங்க, எழுதட்டும், அது தீராத விஷயம். ஆனா ஓரமா நிக்கிறவங்களைப் பாருங்க. வாணி அம்மை இருக்காங்களே, சேந்தன் அமுதனோட வளர்ப்பு அம்மா, தஞ்சாவூர்ல பூமாலை கட்டிக்கிட்டு இருக்கிறவங்க. அவங்களால பேசவும் முடியாது, காதும் கேக்காது. தான் வளர்த்த பையன் சோழ சிங்காதனத்துல போய் உக்காருறான், அவங்க அன்னைக்கு ராத்திரி என்ன பண்ணியிருப்பாங்க? மறுநாள் கோயிலுக்கு யாரு பூப் பறிச்சிருப்பாங்க? இந்த மாதிரி கேள்வி வந்துட்டா கதை பாதி வந்துடுச்சு.

அதுவும் வாணி அம்மை பார்வையில எழுதுறோம்னா பட்டாபிஷேகத்துல ஒரு முரசு சத்தம் கூட எழுத முடியாது. தரை அதிர்றது, ஜனங்க வாய் அசையுறது, பூ வாசனை, இவ்வளவுதான் உங்க கைல இருக்கும். பாயிண்ட் ஆஃப் வியூன்னா என்னன்னு இதைவிட நல்லா எந்த வகுப்புலயும் கத்துக்க முடியாதுன்னு நான் உறுதியா நம்புறேன்.

நோட்டு ஒண்ணு போடுங்க

எழுதப்போற கேரக்டர் வர்ற அத்தியாயங்களை மட்டும் திரும்பப் படிச்சு, யாரு யாரை எப்படிக் கூப்பிடுறாங்கன்னு எழுதி வெச்சுக்கோங்க. ஆழ்வார்க்கடியான் வந்தியத்தேவனை தம்பின்னு கூப்பிடுவான், வந்தியத்தேவன் குந்தவையை தேவின்னு சொல்லுவான். இது ஒண்ணு தப்பிப் போனாலே படிக்கிறவங்களுக்கு வேற யாரோ பேசுற மாதிரி ஆயிடும். அப்புறம் காலம். கதை நடக்குறது பத்தாம் நூற்றாண்டு, மிளகாய் தக்காளி உருளைக்கிழங்கு எதுவுமே அப்போ நம்ம ஊருக்கு வரல, காரத்துக்கு மிளகுதான். நேரத்துக்கு நாழிகை, நம்ம கணக்குல 24 நிமிஷம், ஏழரை நாழிகை சேந்தா ஒரு ஜாமம்.

இப்போ எழுதுங்க, நூறே வார்த்தை

டிராபிள்னு ஒரு வடிவம் இருக்கு, சரியா 100 வார்த்தை, ஒண்ணு கூடவும் கூடாது குறையவும் கூடாது. முதல் ஃபிக் இதுவா இருக்கட்டும். ஒரே இடம், ஒரே நேரம், ரெண்டு பேருக்கு மேல வேண்டாம். முதல்ல மனசுல வர்றதை எல்லாம் கொட்டிடுங்க, அது எப்படியும் இருநூறு தாண்டும், அப்புறம் உக்காந்து வெட்டுங்க. நான் முதல்ல வெட்டுறது, கல்கி ஏற்கனவே சொன்னதை நாம திரும்ப விளக்குற வரிகளைத்தான், ஏன்னா படிக்க வர்றவங்களுக்கு கதை தெரியும், வந்தியத்தேவன் யாருன்னு அறிமுகம் பண்ண வேண்டிய அவசியமே இல்ல, ஃபேன் ஃபிக்ல கிடைக்கிற பெரிய சுதந்திரமே அதுதான், நேரா விஷயத்துக்குப் போயிடலாம். கல்கி நடையை அப்படியே காப்பி அடிக்கவும் வேண்டாம். வசனத்துல அந்தக் காலத்து சாயல் இருந்தா போதும், கதை சொல்ற குரல் உங்களோடதா இருக்கட்டும்.

முடிச்சதும் நாவல் படிச்ச ஃப்ரெண்டு ஒருத்தர்கிட்ட குடுங்க, பீட்டா ரீடர்னு சொல்லுவாங்க. நல்லா இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, எந்த வரில அந்த கேரக்டர் மாதிரி இல்லைன்னு கேளுங்க.

போஸ்ட் பண்றப்போ

ஏஓ3ல எழுத அக்கவுண்ட் வேணும், அழைப்புக்கு பேர் குடுத்துட்டு காத்திருக்கணும், அதனால எழுத ஆரம்பிக்கிற அன்னைக்கே குடுத்துடுங்க. டேக், அதாவது கதைல என்ன இருக்குன்னு சொல்ற குறிச்சொல், நேர்மையா போடுங்க. முக்கியமா நாவலா படமா எதை வெச்சு எழுதுனீங்கன்னு சொல்லிடுங்க, ஏன்னா நாவல்ல சேந்தன் அமுதன்தான் ராஜா ஆவான், 2023ல வந்த ரெண்டாம் பாகப் படத்துல அப்படி இல்ல, படம் மட்டும் பாத்தவங்க வாணி அம்மை கதையைப் படிச்சா குழம்பிடுவாங்க. சாவு இருந்தா அதுக்கும் எச்சரிக்கை கண்டிப்பா வேணும்.

உங்க கதைக்கு கமெண்ட் வர்றதுக்கு காத்திருக்கிற நேரத்துல இன்னொருத்தர் கதைக்கு ஒண்ணு போடுங்க. குடோஸ், அதாவது ஏஓ3ல லைக் மாதிரி ஒண்ணு, ஒரு க்ளிக்தான், அதோட நிறுத்தாம பிடிச்ச ஒரு வரியை காப்பி பண்ணிப் போட்டு ஏன் பிடிச்சதுன்னு ரெண்டு வரி எழுதுங்க. தமிழ்ல எழுதுறவங்களுக்கு வாசகர்கள் கம்மி, அந்த ரெண்டு வரியை நம்பித்தான் பல பேர் அடுத்த அத்தியாயத்தைத் தொடங்குறாங்க.