ஆண்ட்ரூ ஜாக்சனின் வாழ்வையும் அரசியலையும் படிக்கும் முறை

அமெரிக்காவின் ஏழாவது குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜாக்சனைப் படிக்க விரும்புவோர், அவர் பதவி வகித்த 1829–1837 ஆண்டுகளுக்கு நேரே போகாமல், முதலில் அன்றைய தென்கிழக்கு அமெரிக்காவின் வரைபடம் ஒன்றை எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். செரோக்கி, கிரீக், சோக்டா, சிக்கசா ஆகிய பூர்வகுடி மக்களின் நிலங்கள் எங்கே இருந்தன, வெள்ளையர் குடியேற்றம் எதுவரை வந்திருந்தது என்று அதில் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய செல்வம், போர்ப்புகழ், மக்கள் செல்வாக்கு மூன்றும் அந்த நிலத்திலிருந்தே விளைந்தன.

இளமையை விரைவாகக் கடந்துவிடலாம். 1767இல் கரோலினா எல்லைப்புறத்தில் தந்தை இறந்த பின் பிறந்து, விடுதலைப் போரின்போது 14 வயதில் தாயையும் இழந்த ஜாக்சன், 1788இல் வழக்கறிஞராக நாஷ்வில்லுக்கு வந்து சேர்ந்தார். அங்கே நிலம் வாங்கி விற்றார். ஹெர்மிடேஜ் என்னும் பருத்திப் பண்ணைக்கு உரிமையாளரானார். இறக்கும்போது நூற்றுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். ‘சாமானியரின் தலைவர்’ என்ற பட்டத்தைக் காணுமிடமெல்லாம் இந்தச் செய்தியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

போர்களில், 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஆங்கிலேயரை வென்றதைத்தான் பலரும் விரிவாக எழுதுவார்கள். அதைவிட, 1814 மார்ச்சில் ஹார்ஸ்ஷூ பெண்டில் கிரீக் மக்களில் ஒரு பிரிவினருக்கு எதிராக நடந்த போருக்கும் அதன் பின் வந்த ஒப்பந்தத்துக்கும் அதிக நேரம் கொடுங்கள். அந்த ஒப்பந்தத்தால் கிரீக் மக்கள் 2 கோடி ஏக்கருக்கு மேல் இழந்தார்கள். ஜாக்சனின் பக்கம் நின்று போரிட்ட கிரீக் மக்களின் நிலமும் அதில் அடங்கும். அதே போரில் அவருக்குத் துணைநின்ற செரோக்கியர்களுக்குப் பிற்காலத்தில் நேர்ந்ததை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

தேர்தல்களில் 1824ஐயும் 1828ஐயும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். முன்னதில் ஜாக்சன் அதிக வாக்குகள் பெற்றும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காததால், பிரதிநிதிகள் சபை ஜான் குவின்ஸி ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது; அந்தச் சினமே புதிய ஜனநாயகக் கட்சிக்கு உரமாகி, நான்கு ஆண்டுகளில் அவரை வெற்றிபெறச் செய்தது. 1832இல் மத்திய வங்கியின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து அவர் அனுப்பிய செய்தியைச் சுருக்கமாக அல்லாமல் முழுமையாகவே படியுங்கள். அரசின் சலுகைகளைச் செல்வர்கள் தமக்காக வளைத்துக்கொள்வதை அது கண்டிக்கும் வேகத்தில், சிறு உழவர்களும் தொழிலாளரும் அவரை ஏன் நம்பினார்கள் என்பது விளங்கும்.

அதே கையோடு 1830ஆம் ஆண்டின் பூர்வகுடி வெளியேற்றச் சட்டத்துக்குச் செல்லுங்கள். ‘அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எண்ணினார்கள்’ என்று யாராவது சொன்னால், பிரதிநிதிகள் சபையில் அது 102க்கு 97 என்ற கணக்கில்தான் நிறைவேறியது என்பதைக் காட்டுங்கள். ஜாக்சனின் சொந்த மாநிலமான டென்னசியைச் சேர்ந்த சபை உறுப்பினர் டேவி கிராக்கெட்டே அதை எதிர்த்தார். 1832இல் செரோக்கியர்களுக்குச் சாதகமாகத் தலைமை நீதிபதி மார்ஷல் தீர்ப்பளித்தபோது, ‘முடிந்தால் அவரே அதை நிறைவேற்றட்டும்’ என்று ஜாக்சன் சவால்விட்டதாகச் சொல்லப்படும் கூற்றை மேற்கோளாக எடுத்தாள வேண்டாம். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே அது அச்சேறியது. செரோக்கியர்களின் கட்டாய வெளியேற்றம் 1838இல், அடுத்த தலைவர் வான் பியூரனின் காலத்தில் நடந்தது என்பதையும், அதற்கு அடிப்படையான 1835 ஒப்பந்தம் ஜாக்சன் ஆட்சியில் உருவானது என்பதையும் பிரித்தறிந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக, 1828இல் செரோக்கித் தலைநகரான நியூ எக்கோட்டாவில் செரோக்கி மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கிய ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ இதழின் பக்கங்களைத் தேடிப் படியுங்கள். அதன் ஆசிரியர் எலியாஸ் பௌடினாட் முதலில் வெளியேற்றத்தை எதிர்த்தார். பின்னர் 1835 ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். அதை ஏற்க மறுத்த செரோக்கித் தலைவர் ஜான் ராஸின் மனுக்களையும் உடன்வைத்துப் படித்தால், ஜாக்சனின் கொள்கை அந்த மக்களைத் தமக்குள்ளேயே எவ்வாறு பிளந்தது என்பதை அவர்கள் வாய்மொழியாகவே அறியலாம்.