கிளவுடில் நெட்வொர்க் ஆக்சிலரேட்டர்: பெட்டி என்று நினைத்து வைத்தால் வரும் வினை

தூரத்து இரண்டு இடங்களுக்கு நடுவே போகும் டேட்டாவைச் சுருக்கி, முன்பு போனதை மறுபடி அனுப்பாமல் வேகம் கூட்டுவதுதான் நெட்வொர்க் ஆக்சிலரேட்டர். ரேக்கில் இருந்த அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு அதே வேலையைக் கிளவுடில் ஒரு விஎம்மிடம் (மென்பொருளாகவே ஓடும் கணினியிடம்) ஒப்படைப்பது பார்க்க எளிதுதான். இமேஜை இறக்கி, ஐபி கொடுத்து, லைசென்ஸ் போட்டால் அரை மணி நேரத்தில் டாஷ்போர்டு பச்சை காட்டும். இரண்டு வாரம் கழித்து "முன்பைவிட மெதுவாக இருக்கிறதே" என்று யாராவது டிக்கெட் போடுவார்கள். நான் பார்த்தவரை மென்பொருள் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் இருக்கும். கேபிளுக்கு நடுவே செருகிய பெட்டியை மனதில் வைத்துக்கொண்டு விஎம்மை நிறுத்தியதுதான் கோளாறு.

முதலில், இது தேவைதானா என்று கணக்குப் போடாமல் வாங்குவது. இரண்டு முனைகளுக்கு நடுவே போய்வர 200 மில்லி செகண்ட் ஆகிறது, டிசிபி விண்டோ (பதிலுக்குக் காத்திராமல் ஒரே மூச்சில் அனுப்பக்கூடிய அளவு) 64 கேபியில் நிற்கிறது என்றால் ஒரு இணைப்புக்குச் சுமார் 2.6 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும், லைன் நூறு எம்பிபிஎஸ் ஆனாலும் ஆயிரம் ஆனாலும் அதே கதைதான். அந்த நூறையும் நிரப்ப 2.5 எம்பி டேட்டா வழியில் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அளவைப் பெரிதாக்கும் விண்டோ ஸ்கேலிங் 1992 முதலே இருக்கிறது, இன்றைய இயங்குதளங்கள் எல்லாவற்றிலும் இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். அப்படியும் 2.6-ல் நிற்கிறது என்றால் நடுவில் ஏதோ பழைய ஃபயர்வால் அதைப் பிடுங்கிப் போடுகிறது, இல்லையென்றால் அப்ளிகேஷன் தானே சின்ன பஃபர் வைத்திருக்கிறது. பாக்கெட் தொலைவதுதான் பிரச்சினை என்றால் லினக்ஸ் 4.9-லிருந்தே பிபிஆர் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை இருக்கிறது, அதை ஆன் செய்து பார்க்கக் காசு கேட்பதில்லை. இன்னொன்று, ஒரு திரையைத் திறக்க அப்ளிகேஷன் 400 தடவை கேட்டுப் பதில் வாங்குகிறது என்றால் 80 செகண்ட் போயே தீரும். அந்த ப்ரோட்டோகாலைப் புரிந்துகொண்டு முந்திக்கொள்ளும் வசதி அப்ளையன்ஸில் (அதாவது ஆக்சிலரேட்டராக ஓடும் விஎம்மில்) இல்லாவிட்டால் அதை எந்த ஆக்சிலரேட்டரும் குறைக்காது.

சரி, தேவைதான் என்று முடிவாகிவிட்டது. அடுத்து எல்லோரும் சறுக்கும் இடம் வழித்தடம். கிளவுடில் கேபிள் கிடையாது, குறுக்கே செருகவும் முடியாது. எது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லும் ரவுட் டேபிளில் நீங்களாக எழுதி அனுப்பினால்தான் பாக்கெட் அப்ளையன்ஸ் பக்கம் வரும். எழுதினாலும் ஏடபிள்யூஎஸ்ஸில் (அமேசான் கிளவுடில்) சோர்ஸ்-டெஸ்டினேஷன் செக் ஆன் ஆகியே இருக்கும், "இது உன் பெயருக்கு வந்ததல்ல" என்று பாக்கெட்டை வாசலிலேயே போட்டுவிடும். மைக்ரோசாஃப்ட்டின் அஷ்யூரில் இதற்கு இணையாக ஐபி ஃபார்வர்டிங்கை ஆன் செய்ய வேண்டும். இதில் கடுப்பு என்னவென்றால் எங்கேயும் எரர் வராது. வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காலித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பழுது ஒரே ஒரு டிக் பாக்ஸில் இருந்தது.

அதைவிட மோசமானது, போகும் பாதை ஒன்று, திரும்பும் பாதை வேறொன்று. இரண்டு டனல், இரண்டு ஜோன் என்று வைத்த இடங்களில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்ளையன்ஸ் இணைப்பின் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தானே பேசுகிற ப்ராக்ஸி, ஆகவே இரண்டு திசையும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அப்ளையன்ஸிலேயே கேப்சர் எடுத்துப் பாருங்கள். டிசிபி இணைப்பு சின், சின்-ஏக், ஏக் என்று மூன்று பாக்கெட்டுகளோடு தொடங்கும். இங்கே சின் போகிறது, கொஞ்சம் கழித்து ஏக் போகிறது, நடுவில் வர வேண்டிய சின்-ஏக்கைக் காணவில்லை. அதைப் பார்த்துவிட்டால் வேறெதையும் தோண்ட வேண்டாம், நேராக ரவுட் டேபிளுக்குப் போங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். ரிவர்பெட் ஸ்டீல்ஹெட் போன்றவை சின் பாக்கெட்டில் ஒரு டிசிபி ஆப்ஷனைச் சேர்த்துத்தான் எதிர்முனையில் இருக்கும் தன் ஜோடியைக் கண்டுபிடிக்கின்றன. நடுவில் இருக்கும் ஃபயர்வால் தனக்குத் தெரியாத ஆப்ஷனைத் துடைத்துவிட்டால் ஜோடி கடைசிவரை சேராது. இணைப்பு மட்டும் நடக்கும், எல்லாமே பாஸ்த்ரூவாக (வேகப்படுத்தாமல் அப்படியே கடந்துபோய்), வேகம் பழையபடியே. ஃபயர்வாலில் அந்த ஆப்ஷனை விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதிர்முனையின் ஐபியைக் கையால் எழுதிவிடுங்கள்.

"பிங் போகிறது, லாகின் பக்கம் வருகிறது, பெரிய ஃபைல் மட்டும் தொங்குகிறது" என்று யாராவது சொன்னால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஏடபிள்யூஎஸ் விபிசிக்குள் (அங்கே உங்களுக்கென்று இருக்கும் தனி நெட்வொர்க்குக்குள்) 9001 பைட் வரை போகும், இணையத்தில் 1500, கூகுள் கிளவுடின் இயல்பு 1460, என்கிரிப்ட் செய்து அனுப்பும் ஐபிசெக் டனலுக்குள் நுழைந்தால் இன்னும் குறையும். உள்ளே கிடைத்த பெரிய அளவை நம்பி அப்ளையன்ஸ் வெளிப்பக்கமும் அப்படியே அனுப்புகிறது. "பெரிதாக இருக்கிறது, சின்னதாக்கு" என்று திரும்பி வரும் ஐசிஎம்பி செய்தியை, பாதுகாப்பு என்று சொல்லி யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஐசிஎம்பியைத் திறந்துவிட்டு, வெளிப்பக்க எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் டேட்டாவுக்கு மட்டும் உள்ள உச்ச அளவை) 1350 அருகில் கட்டிவைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

என்கிரிப்ஷன் பற்றிச் சொல்லாமல் விட்டால் விற்பனைப் பேச்சை நம்பிவிடுவீர்கள். டிஎல்எஸ் (https-ன் என்கிரிப்ஷன்), என்கிரிப்ட் ஆன எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் பகிர்வு), யுடிபியில் ஓடும் க்விக் (QUIC) எல்லாம் அப்ளையன்ஸ் கண்ணுக்கு வெறும் இரைச்சல். சுருங்காது. முன்பு பார்த்த டேட்டா என்று அடையாளமும் தெரியாது. போதாததற்கு அந்தக் குப்பை டிஸ்கில் போய் நிறைந்து, உருப்படியாக இருந்த டேட்டாவை வெளியே தள்ளும். ஆகவே அந்த என்கிரிப்ஷனை அப்ளையன்ஸிலேயே பிரிக்கப் போவதில்லை என்றால் அந்த ட்ராஃபிக்கை ஆரம்பத்திலேயே விலக்கிவிடுங்கள். பிரிக்கப் போகிறீர்கள் என்றால் சர்வர் சாவிகள் அந்த விஎம்முக்குள் இருக்கும் என்பதை உணர்ந்து, மேனேஜ்மென்ட் முகவரியை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். 2019 டிசம்பரில் வெளியான சிவிஇ-2019-19781 ஓட்டை சிட்ரிக்ஸின் லோட் பேலன்சரான ஏடிசியோடு அவர்களுடைய சில வான் ஆப்டிமைசேஷன் (இதே ஆக்சிலரேட்டர் வகை) அப்ளையன்ஸ்களிலும் இருந்தது.

அளவு விஷயத்தில் எல்லோரும் சிபியுவைப் பார்ப்பார்கள், டிஸ்கைப் பார்க்க மாட்டார்கள். டீடூப் செய்வது, அதாவது முன்பே போன டேட்டாவை அடையாளம் கண்டு விலக்குவது, முழுக்க டிஸ்கைத் தட்டும் வேலை. ஏடபிள்யூஎஸ்ஸின் gp3 டிஸ்க் வால்யூம் இயல்பாகத் தருவது 3000 ஐஓபிஎஸ் (ஒரு செகண்டில் படிக்க, எழுத முடியும் தடவைகள்), செகண்டுக்கு 125 எம்பி வேகம், அது போதுமா என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது கிரெடிட் சேர்த்து வேலை வரும்போது செலவழிக்கும் பர்ஸ்ட் வகை இன்ஸ்டன்ஸ் (விஎம்) காலையில் பறக்கும், கிரெடிட் தீர்ந்ததும் மதியத்தில் நொண்டும். இன்ஸ்டன்ஸ் ஸ்டோரில் (விஎம்மோடு வரும் தற்காலிக டிஸ்கில்) கேஷை வைத்தால் ஒரு தடவை நிறுத்தி எழுப்பியதும் எல்லாம் காலி, மறுபடி முதலிலிருந்து.

சோதனையில் ஏமாறுவதும் உண்டு. ஒரு டெமோவில் 1 ஜிபி ஃபைல் கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். அது லினக்ஸின் டெவ்-ஜீரோவிலிருந்து (/dev/zero) எடுத்த ஃபைல், உள்ளே முழுக்கப் பூஜ்யம், சுருக்கினால் ஒன்றுமே மிஞ்சாது! உங்கள் வேலையில் நிஜமாக ஓடும் ஃபைல்களை எடுத்து, முதல் தடவை ஒரு நேரம், இரண்டாம் தடவை ஒரு நேரம், உள்ளே ஒரு பக்கத்தை மட்டும் திருத்தி மூன்றாம் தடவை ஒரு நேரம் என்று தனித்தனியாகக் குறியுங்கள்.

விஎம்மை க்ளோன் எடுத்து இன்னொன்றை எழுப்புவது வேண்டாம், லைசென்ஸும் அடையாளமும் இரண்டிலும் ஒன்றாக இருந்து குழப்பும். புதிதாகவே நிறுவுங்கள்.

கடைசியாக, செத்தால் என்ன ஆகும். பழைய பெட்டிகள் பலவற்றில் மின்சாரம் போனால் உள்ளே ரிலே மூடிக்கொண்டு கேபிள் போல நடந்துகொள்ளும். விஎம்மில் அந்த ரிலே கிடையாது, ரவுட் இன்னும் அதையே காட்டிக்கொண்டிருக்கும், ட்ராஃபிக் எல்லாம் பள்ளத்தில் விழும். ரவுட்டை மாற்ற ஸ்க்ரிப்ட் வைத்திருந்தாலும் அது வெறும் பிங்கை வைத்து முடிவெடுத்தால் பிரயோஜனமில்லை, ஏனென்றால் ஆப்டிமைசேஷன் சர்வீஸ் உறைந்துபோன விஎம்கூட பிங்குக்குச் சமர்த்தாகப் பதில் சொல்லும். அப்ளையன்ஸ் வழியாக மறுமுனைக்கு ஒரு நிஜ டிசிபி இணைப்பு போகிறதா என்று பார்க்க வேண்டும். சர்வீஸை மட்டும் ஒரு தடவை, முழு விஎம்மை ஒரு தடவை நீங்களே நிறுத்திப் பாருங்கள், ரவுட் மாற எத்தனை செகண்ட் ஆகிறது என்று எண்ணுங்கள். ரவுட் ஒழுங்காக மாறினாலும் அந்த நிமிடம் ப்ராக்ஸி வழியாக ஓடிக்கொண்டிருந்த இணைப்புகள் அறுந்துவிடும். எல்லோரும் மறுபடி லாகின் ஆக வேண்டியிருக்கலாம் என்று ஹெல்ப்டெஸ்குக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.